திருவுருவும் உருவப்படமும்

தோற்றுவாய்

ஆரியசாலைக் கடைத்தெருவில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் இட்டுத் தரும் சிறிய கடை ஒன்று உண்டு. அலுவலகம் விட்டு வீடு திரும்பும் வழியில் அங்குச் சற்றே நின்று பேசிச் செல்வது என் பழக்கம். அக்கடைச் சுவரில் பத்மநாபசுவாமியின் பள்ளிகொண்ட கோலமும், பழனியாண்டவரும், திருமகளும், இயேசுவின் திரு இருதயமும், வேளாங்கண்ணி அன்னையும் தோளோடு தோள் உரசி நிற்பர். விலை சொல்லுங்கால் கடைக்காரர் அளவை மட்டுமே பார்ப்பார், சமயத்தைப் பார்ப்பதில்லை.

ஒருநாள் என் கையில் ஒரு வாழ்த்தட்டை இருந்தது. புனே நகரிலிருந்து மாற்றலாகி வந்த அலுவலக நண்பர் அளித்தது. கோவாவைச் சேர்ந்த ஓவியர் ஆஞ்செலோ த ஃபொன்சேகா வரைந்த மரியன்னையின் படம் அதில் அச்சாகியிருந்தது. சேலைத் தலைப்பைத் தலைமேல் இட்ட ஓர் இளம்பெண், கால்களில் செருப்பில்லை, மடியில் குழந்தை, தாழ்ந்த இமைகள். ‘இஃதன்றோ நம் நாட்டு மாதா!’ என்னும் களிப்புடன் அதற்குச் சட்டமிடச் சென்றிருந்தேன். அப்போது கடற்கரையிலிருந்து வந்த மீனவப் பெண்மணி ஒருவர் திரு இருதயப் படம் ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தார். என் அட்டையை அவரிடம் காட்டினேன். வாங்கி, விளக்கின் கீழே பிடித்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “நல்ல படமாக்கும் சாரே. ஆனா இந்த மாதாவு நம்மளப் பாக்கல்லியே!”

அவர் சேலையைக் குறை கூறவில்லை. நிறத்தையும் குறை கூறவில்லை. வெள்ளை முகந்தான் தெய்வ முகம் என்றும் வாதிடவில்லை. தம்மை அப்படம் பார்க்கவில்லை என்றார், அவ்வளவே. நான் ஓவியம் பயின்றவன் அல்லேன். கோப்புகளிடையே காலங் கழிப்பவன். எனினும், கிறித்தவத் திருவுருவ ஓவியத்தைப் பற்றி நான் படித்த பல பக்கங்கள் சொல்லாத ஒன்றை அப்பெண்மணி ஒரே தொடரில் சொல்லிவிட்டார் என்று அன்று தோன்றியது. அத்தொடரை உரைகல்லாகக் கொண்டு, திருவுருவ ஓவியர் சிலரை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உருவப்படக் கலைஞரும் தெய்வங்களும்

அப்பெண்மணி வாங்கிச் சென்ற திரு இருதயப் படத்தின் பிறப்பிடம் உரோமாபுரி. அங்குள்ள ஜேசு ஆலயத்தில் பொம்பேயோ பத்தோனி என்னும் ஓவியர் 1767இல் செப்புத் தகட்டின்மேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய படமே, பின்னர் உலகெங்கும் பரவிய எண்ணற்ற படிகளுக்கு மூலம். அந்தப் பத்தோனி யார் என்று பார்த்தால் வியப்புத் தோன்றுகிறது. அவர் துறவியல்லர், உரோமைக்கு உலாவந்த ஆங்கிலச் செல்வர்களை அமரவைத்து அவர்தம் உருவங்களை வரைந்து பெரும்புகழ் ஈட்டிய உருவப்பட ஓவியர். 1708இல் பிறந்து 1787இல் மறைந்தவர். சீமான் ஒருவரின் கண்ணில் ஒளியையும் உதட்டில் உயிர்ப்பையும் கொணரப் பழகிய அதே கைதான், ஆண்டவரின் விழிகளைப் பார்ப்பவர்மீது நிலைநாட்டியது. உருவப்படத்துக்குரிய தனித்திறம் எது? எதிரே நிற்பவனை அப்படம் நோக்குதல். பத்தோனி அந்தத் திறத்தை வழிபாட்டுக்குக் காணிக்கையாக்கினார்.

இதே கதை நம் திருவனந்தபுரத்திலும் நடந்தது. கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மா, ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவில் இந்நகரில் ஓவியம் பயின்றார். அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கர் தம் வித்தையைக் கற்பிக்க மனமொவ்வாதிருந்தார் என்றும், அவர் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகக் கற்பித்தார் என்றும் சொல்வர். பின்னர் இங்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் வண்ணந் தீட்டுவதைப் பார்த்துப் பார்த்தே எண்ணெய் வண்ண நுட்பத்தைத் தமதாக்கிக்கொண்டார். அவரும் முதன்மையாக உருவப்பட ஓவியரே. மன்னரையும் திவானையும் வெள்ளை அதிகாரிகளையும் வரைந்த தூரிகையால் திருமகளையும் கலைமகளையும் வரைந்தார். சேலையின் சரிகைக்கு மினுக்கு வந்தது. தோளுக்குத் திரட்சி வந்தது. யாவற்றுக்கும் மேலாக, தேவியின் கண்கள் வீட்டுக்காரரைப் பார்த்தன. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய கல்லச்சுக்கூடம் அந்தப் பார்வையை ஏழையின் சுவருக்கும் கொண்டு சேர்த்தது.

ஆக, நம் கடைச் சுவரில் அருகருகே தொங்கும் திருமகளும் திரு இருதயமும் தொழிலால் உடன்பிறப்புகள். இரண்டும் உருவப்படக் கலையின் மடியில் வளர்ந்தவை. தெய்வத்தை நாம் காண்பது மட்டும் தரிசனமன்று; தெய்வம் நம்மைக் காண்பதும் தரிசனமே. அதனாலன்றோ கோயிற் சிற்பி படிமத்தின் எல்லா உறுப்புகளையும் முடித்தபின் கண் திறப்பை இறுதிக்கெனப் போற்றி வைக்கிறான்! கண் திறவாத படிமம் கல், திறந்தது கடவுள். “நம்மளப் பாக்கல்லியே” என்ற சொல்லின் பின்னே இத்துணைப் பழமையான நம்பிக்கை நிற்கிறது.

நேருருவம் என்னும் நம்பிக்கை

ஆயினும் உருவப்படக் கலை ஒரு வரத்துடன் ஒரு தளையையும் கொணர்ந்தது. உருவப்படம் எனப்படுவது ‘இவர் இப்படித்தான் இருந்தார்’ என்னும் சான்றுரை. அச்சான்றுரையைத் தெய்வப் படத்துக்கு ஏற்றினால், பார்ப்பவர் அதனையே நேருருவம் என்று கொள்வர். கிறித்தவ மரபில் இந்நம்பிக்கைக்கு ஆழமான வேர் உண்டு. நற்செய்தி எழுதிய லூக்கா ஓர் ஓவியர் என்றும், மரியன்னையை நேரிற் கண்டு வரைந்தார் என்றும் பழங்கதை வழங்குகிறது. சென்னைப் பறங்கிமலை ஆலயத்தில் உள்ள மாதா படத்தை லூக்கா வரைந்ததென்றும், திருத்தூதர் தோமா உடன் கொணர்ந்ததென்றும் நம்பிப் போற்றுகின்றனர். வரலாறு இதனை ஏற்குமா என்பது வேறு வினா. ‘இது கற்பனையன்று, சாயல்’ என்னும் உறுதியை அடியார் உள்ளம் தேடுகிறது என்பதற்கு இக்கதை சான்று.

இருபதாம் நூற்றாண்டிலும் அந்தத் தேட்டம் ஓயவில்லை. சிகாகோ நகரத்து விளம்பர ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் வரைந்த ‘கிறிஸ்துவின் தலை’ என்னும் படம், புகைப்பட நிலையத்தில் எடுத்த மார்பளவுப் படம் போன்றே இருக்கும். அது கோடிக்கணக்கில் அச்சாயிற்று. நம் ஊர்க் கடைகளிலும் அதனைக் காணலாம். பலர் அதனை இயேசுவின் ‘போட்டோ’ என்றே குறிப்பிடக் கேட்டிருக்கிறேன். அறியாமை என்று நகைத்து ஒதுக்கிவிடல் எளிது. ஆயினும் தாயின் நிழற்படத்தில் வேறு முகத்தை ஒட்டினால் மகனுக்கு எப்படி இருக்கும்? பழகிய முகத்தை மாற்ற வந்த ஓவியரை மக்கள் எதிர்த்ததன் உட்பொருள் அதுதான்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். வேளாங்கண்ணி அன்னைக்குச் சேலை உடுத்தி வழிபடுகின்றனரே. அதனை யாரும் வெறுக்கவில்லையே? வீரமாமுனிவர், கோணாங்குப்பத்தில் பெரியநாயகி என்னும் பெயரால் மரியன்னைக்கு ஆலயம் எடுத்து, தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் திருவுருவம் அமைக்கச் செய்தார் என்பது அவ்வூர் மரபு. 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியில் சூசையப்பர் ‘வளன்’ எனத் தமிழ்ப் பெயர் பூண்டார். தமிழர் மகிழ்ந்தே ஏற்றனர். அவ்வாறிருக்க, ஓவியத்தில் மட்டும் தடை ஏன்?

விடை எளிது. படிமம் உடை மாற்றிக்கொள்ளும், அலங்காரம் ஏற்கும், தேரில் வரும். நேற்றுப் பச்சை, இன்று பட்டு. அது சாயல் என்று யாரும் சாதிப்பதில்லை, அது எழுந்தருளல். காப்பியமோ சொல்லால் ஆனது. ஒவ்வொருவரும் தம் மனத்தில் தமக்குரிய முகத்தை வரைந்துகொள்வர். எண்ணெய் வண்ணப் படம் ஒன்றுதான் முகத்தை ஒரே அடியாக உறையவைக்கிறது. ஆகவே சிலையிலும் செய்யுளிலும் எளிதில் நேர்ந்த தமிழாக்கம், ஓவியத்தில் இடறிற்று.

ஃபொன்சேகாவின் வழி

இப்பின்னணியில் ஆஞ்செலோ த ஃபொன்சேகாவைப் பார்த்தல் வேண்டும். கோவாவின் சாந்தோ எஸ்தேவாவோ தீவில் 1902இல் பிறந்தவர். பம்பாயில் மருத்துவம் பயிலத் தொடங்கி, அதனைக் கைவிட்டு, ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்குக் கற்பித்த மேலைநாட்டு முறையும் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை. வங்கம் சென்று அவனீந்திரநாத் தாகூரையும் நந்தலால் போசையும் ஆசிரியராகக் கொண்டார். 1930களின் தொடக்கத்தில் ஊர் திரும்பிச் சேலையுடுத்த மரியாளை வரைந்தபோது, போர்த்துகீசிய ஆட்சிக்குட்பட்ட கோவாவின் கிறித்தவப் பெருமக்கள் முகஞ்சுளித்தனர். இந்துப் பெண்ணை மாதா என்பதா என்று சினந்தனர். அவர் புனே சென்று, ஆங்கிலிக்கத் திருச்சபையினர் நடத்திய கிறிஸ்து பிரேம சேவா ஆசிரமத்தில் அடைக்கலம் பெற்றார். பம்பாயில் இருந்த வரலாற்றறிஞர் ஏராஸ் அடிகளார் போன்ற சிலர் அவருக்குத் துணை நின்றனர். 1967 டிசம்பர் மாதம் புனேயில் மறைந்தார்.

அவர் செய்த புதுமை யாது? சேலை என்று பலர் சொல்வர். என் கருத்து அதுவன்று. சேலை ஒரு வெளிப்பூச்சு. மேலைநாட்டு முறையில் வரைந்த முகத்துக்குச் சேலையைச் சுற்றிவிட்டால் நாடக வேடமாய் முடியும். அத்தகைய படங்களும் நம்மிடையே மிகுதி. ஃபொன்சேகா துறந்தது ஐரோப்பிய உடையை மட்டுமன்று. உருவப்படத்தின் சான்றுரையையே துறந்தார். எண்ணெய் வண்ணத்தின் திரட்சியை விட்டு, நீர்வண்ணத்தின் கழுவிய மென்மையைக் கைக்கொண்டார். நிழலால் சதையைத் திரட்டாமல் கோட்டால் வடிவத்தைக் காட்டினார். ‘இவள் இப்படித்தான் இருந்தாள்’ என்று அவர் படம் சொல்வதில்லை. ‘இவளை இப்படி நினைத்துப் பாருங்கள்’ என்றே சொல்கிறது.

அவர் உருவப்படமே அறியாதவர் அல்லர். 1951இல் அவர் மணந்த ஐவி அம்மையாரின் முகச்சாயல் அவர்தம் மரியன்னை ஓவியங்கள் பலவற்றில் தென்படுகிறது என்பர். மனைவியின் முகத்தை மாதாவின் முகமாக்குதல் ஐரோப்பிய ஓவியர்க்கும் புதிதன்று. ஆயினும் ஃபொன்சேகாவின் கையில் அம்முகம் தன் தனித்தன்மையைப் படிப்படியாகக் கரைத்துக்கொண்டு, எந்த வீட்டுத் திண்ணையிலும் அமரக்கூடிய தாயின் முகமாகிவிடுகிறது. தரையில் அமரும் பாங்கு, குழந்தையை ஏந்தும் கையின் வளைவு, வெறுங்காலின் பணிவு ஆகியவற்றில்தான் அவருடைய இந்தியத்தன்மை இருக்கிறது.

இங்கேதான் மீனவப் பெண்மணியின் கேள்வி குறுக்கிடுகிறது. என் அட்டையில் கண்ட மாதா இமை தாழ்த்தியிருக்கிறாள். அவள் பார்வை குழந்தைமீது. நாம் அப்படத்தின் முன் நின்றால் அவள் நம்மைக் கவனிப்பதில்லை. நாம் ஓசைப்படாமல் நின்று, அவள் காண்பதைக் காண்கிறோம். இது தியானத்துக்குரிய படம், வேண்டுதலுக்குரிய படமன்று. அமைதி நாடுவோர்க்கு இது பெருங்கொடை. ஆனால் கடலுக்குச் சென்ற கணவன் கரை திரும்பாத இரவில் விளக்கேற்றி நிற்கும் ஒருத்திக்கு, தன்னை ஏறிட்டுப் பார்க்கும் கண்கள் தேவைப்படுகின்றன. இமை தாழ்ந்த ஓவியம் அவளுக்கு அதனைத் தரவில்லை. இதனைக் குறை என்று சொல்ல நான் துணியேன். ஓர் எல்லை என்று சொல்வேன். அழகையே பெரிதும் நம்பிய வங்கப் பாணியின் மென்மை, துயரத்தின் கூர்மையைச் சில சமயம் மழுக்கிவிடுகிறது என்பதையும் மறைத்தல் நேர்மையன்று.

அவருக்கு இளையவரான ஆஞ்செலா திரிந்தாதேயின் நிலை வேறு. 1909இல் பிறந்த இவ்வம்மையார், உருவப்படக் கலையில் பெயர் பெற்ற அந்தோனியோ சவியர் திரிந்தாதேயின் மகள். மனித முகத்தை உள்ளவாறே எழுதும் வித்தை இவருக்குப் பிறந்தகச் சீதனம். அதனுடன் தொடங்கி, பின் இந்திய மரபுக்குத் திரும்பிக் கிறித்தவத் திருவுருவங்களுக்குத் தம்மை ஈந்தார், 1980இல் மறைந்தார். தந்தையின் வழியை விட்டு அவர் நடந்த தொலைவே, உருவப்படத்திலிருந்து திருவுருவத்துக்குச் செல்லும் பாதை எத்துணை நெடியது என்பதைக் காட்டும்.

கண் திறந்த கிறிஸ்து

பார்வையும் வேண்டும், பொய்ச்சாயலும் கூடாது என்றால் வழியே இல்லையா? ஒருவர் வழி கண்டார். அவர் கிறித்தவர் அல்லர். வங்க ஓவியர் ஜாமினி ராய் தொடக்கத்தில் மேலைநாட்டு முறையில் உருவப்படங்கள் வரைந்து வயிறு வளர்த்தவர். 1920களில் அத்தொழிலை உதறி, காளிகட்டத்துப் படக்காரரிடமும் நாட்டுப்புறப் பட்டுவர்களிடமும் பாடங் கேட்டார். அவர் எழுதிய கிறிஸ்துவுக்கு அகன்று நீண்ட, மீன்போன்ற பெருவிழிகள். சதை இல்லை, நிழல் இல்லை. கனத்த கோடும் மண்ணின் நிறமும் மட்டுமே. சாயல் என்று யாரும் மயங்க இயலாது. பார்வையிலிருந்து யாரும் தப்பவும் இயலாது. உருவப்படத்தின் தளையை அறுத்து அதன் வரத்தை மட்டும் காத்துக்கொண்ட அருஞ்செயல் இது.

வெற்றி கண்டுவிட்டோம் என்னும் மகிழ்ச்சியில் அப்படத்தின் அச்சுப்படி ஒன்றை நம் கடைக்காரரிடம் கொண்டு சென்றேன். “இதைப் பாருங்கள் அண்ணாச்சி, இவர் நம்மைப் பார்க்கிறார் அல்லவா?” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாக்காரு சாரே, நல்லாவே பாக்காரு. ஆனா யாருன்னு தெரியல்லியே!”

அறிமுகம் என்னும் அருள்

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்து வைத்தே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். திருவுருவப் படத்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். அது நம்மைப் பார்க்க வேண்டும். நாமும் அதனை அடையாளம் காண வேண்டும். முன்னது ஓவியன் கையில் உள்ளது. பின்னது அவன் கையில் இல்லை. அது காலத்தின் கையிலும் பழக்கத்தின் கையிலும் உள்ளது. நேருருவம் என்று நாம் கருதுவதும் உண்மையில் நெடுநாள் பழகிய உருவமே.

இரவிவர்மாவின் திருமகளும் ஒருநாள் புதியவளே. அதற்கு முன் நம் பாட்டிமார் அறிந்த திருமகள் கோயில் தூணிலும் தஞ்சாவூர்ப் படத்திலும் இருந்தவள். ஓர் அச்சுக்கூடமும் ஒரு தலைமுறையும் அவளை இல்லத்து மகளாக்கின. பத்தோனியின் படமும் அச்சேறியே பழகிற்று. ஃபொன்சேகாவுக்கோ அச்சுக்கூடம் வாய்க்கவில்லை. அவர் மறைவுக்குப்பின் ஐவி அம்மையார் பல்லாண்டு போற்றிக் காத்த ஓவியங்கள் 2006இல் கோவாவின் சவியர் வரலாற்று ஆய்வு நடுவத்தை அடைந்தன. அறிஞர் காண்கின்றனர், நூல்கள் எழுதப்படுகின்றன. ஆனால் ஆரியசாலைச் சுவருக்கு அவை வரவில்லை. வாழ்த்தட்டையில் ஆண்டுக்கொருமுறை வரும் விருந்தாளியை எந்தக் குழந்தை அம்மா என்று அழைக்கும்?

திருச்சபையின் பக்கமிருந்து இன்று தடையேதும் இல்லை. எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதென்று கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே அறிவித்துவிட்டது. ஃபொன்சேகா அதனைக் காண நான்கு ஆண்டுகளே உயிர்வாழ்ந்தார். தடை நீங்கியும் படம் சுவருக்கு வரவில்லையெனின், குற்றம் அடியாருடையதன்று. ‘பழைய வெள்ளைப் படத்தையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்’ என்று மக்களைக் கடிந்துகொள்ளும் கற்றோர், மாற்றுப் படத்தை அவர்கள் கைக்கெட்டும் விலையில் எப்போதேனும் வைத்ததுண்டா? அன்று அட்டையை ஏந்திச் சென்ற நானும் அக்கற்றோருள் ஒருவனாகவே இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் கலைக்கல்லூரிகளில் பயின்று வெளிவரும் இளைஞருள் கிறித்தவத் திருவுருவம் எழுத விழைவோர் இருப்பர். அவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். சேலையோடு நின்றுவிடாதீர். பூந்துறையிலும் வலியதுறையிலும் கூடை சுமக்கும் தாயின் முகத்தை உருவப்பட ஓவியனுக்குரிய பொறுமையுடன் பயிலுங்கள். பயின்றபின் அம்முகத்துக்குரியவளின் பெயர் மறையும் வரை எளிமையாக்குங்கள். இறுதியில், கோயிற் சிற்பியைப்போலக் கண்ணைத் திறவுங்கள். ஆலயங்களை நடத்துவோர் அதனை அச்சிட்டு, சிறு சட்டத்தில், திரு இருதயத்துக்குப் பக்கத்திலேயே விற்க ஏற்பாடு செய்யட்டும். அதன் இடத்தில் அன்று, பக்கத்தில். எஞ்சியதை விளக்கும் காலமும் பார்த்துக்கொள்ளும்.

என் ஃபொன்சேகா அட்டைக்கு அன்றே சட்டமிட்டு வாங்கிவந்தேன். பூசையறையில் அன்று, எழுதும் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். அவள் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் இரவில் எழுதுகோலைக் கீழே வைக்கும்போது, அவள் பார்க்கும் குழந்தையை நானும் சற்றுநேரம் பார்க்கிறேன். வீட்டுக்கு வரும் சிறுபிள்ளைகள் அவளை யாரென்று கேட்பதை இப்போது நிறுத்திவிட்டனர்.